தினந்தோறும் முழங்காலிடும் பல்ஸ்ட்ரோடை மாயக்காரர் என்று சொல்லலாமா?

பிரேசர்டவுன் வாசகி:

ஆங்கிலப் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் வரும் வங்கிக்காரர் நிக்கோலஸ் பல்ஸ்ட்ரோடைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் மூண்ட வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. காக்ஸ் டவுனில் கூடும் சிறிய வட்டம் அது. பெரும்பாலோர் பெங்களூர் கன்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தினர். ஞாயிறு காலைத் தமிழ் ஆராதனை முடிந்த கையோடு புத்தகத்துடன் வந்து சேருகிறவர்கள். பல்ஸ்ட்ரோடின் பெயரை எடுத்தவுடனேயே, “இவரைத் தெரியாதா, எங்கள் சபையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்து, அவரை மாயக்காரர், அதாவது பக்தி வேஷம் போடுகிறவர், என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவு எனக்கு அவசரமானதாகப் பட்டது. நாவலில் மதுக்கடைகளில் உட்கார்ந்து பல்ஸ்ட்ரோடைக் கிழிக்கும் ஊர்க்காரர்களும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையின் இந்தப் பகுதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். 1871, 1872 ஆண்டுகளில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த இந்த நாவல், 1829 முதல் 1832 வரையிலான காலத்தில் இங்கிலாந்தின் ஒரு சிறுநகரில் நடக்கிறது. பல்ஸ்ட்ரோட் அங்கே வங்கி நடத்துகிறார். புதிய காய்ச்சல் மருத்துவமனைக்குத் தூணாக நிற்கிறார். கடன் கொடுத்தும் தருமம் செய்தும் பாதி ஊரைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார். இளம் வயதில் லண்டனில் ஒரு சபையின் துடிப்பான பிரசங்கியாராக இருந்தவர். அந்தச் சபையின் பெரும் பணக்காரரான டன்கர்க் என்பவரின் அடகுத் தொழிலில் கணக்கராகச் சேருகிறார். வரும் பொருள் யாருடையது, எப்படி வந்தது என்று துருவிக் கேட்காமல் வாங்குவதில்தான் அந்தத் தொழிலின் கொழுத்த லாபம் அடங்கியிருக்கிறது என்பது சேர்ந்த பிறகு தெரியவருகிறது. தெரிந்தும் தொடர்கிறார். முதலாளி இறந்தபின் அவருடைய விதவையை மணக்க ஏற்பாடாகிறது. வீட்டை விட்டு ஓடிப்போய் நாடகமேடை ஏறிய மகள் சாராவைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே மறுமணம் என்று அந்தத் தாய் விரும்புகிறாள். மகள் இருக்கும் இடத்தை ராஃபிள்ஸ் என்பவன் கண்டுபிடித்துவிடுகிறான். பல்ஸ்ட்ரோட் அவனுக்குப் பணம் கொடுத்து வாயை அடைக்கிறார். மகள் கிடைக்கவில்லை என்று தாய் நம்பிவிட, சொத்து முழுவதும் பல்ஸ்ட்ரோடுக்கு வந்து சேருகிறது. பல ஆண்டுகள் கழித்து அதே ராஃபிள்ஸ் மிடில்மார்ச்சுக்கு வந்து மிரட்டுகிறான், நோயில் விழுகிறான், பல்ஸ்ட்ரோடின் பராமரிப்பில் இருக்கும்போதே இறக்கிறான்.

என் கேள்விக்கு வருகிறேன். பல்ஸ்ட்ரோட் ஊர் பார்ப்பதற்காக ஜெபிக்கிறவர் அல்லர். யாரும் இல்லாத அறையிலும் முழங்காலிடுகிறார், தேவ கோபத்துக்கு மெய்யாகவே நடுங்குகிறார். உலகை ஏமாற்றுவதற்காகத் தெரிந்தே பக்தியை நடிக்கும் முரட்டு மாயக்காரர்கள் இருக்கலாம், பல்ஸ்ட்ரோட் அவர்களில் ஒருவர் அல்லர் என்று எலியட்டே 61ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். அவருடைய ஆசைகள் அவருடைய கொள்கைகளைவிட வலுவாக இருந்தன. ஆசை நிறைவேறியதையெல்லாம் கொள்கைக்கு ஒத்துவரும்படி அவர் தனக்குத்தானே சிறிது சிறிதாக விளக்கிக்கொண்டார் என்பதே எலியட்டின் கணிப்பு. அப்படியானால் இவரை மாயக்காரர் என்பது தகுமா? அல்லது இவருடைய நோய் பெருமைதானா? பெருமையிலிருந்து மாய்மாலம் முளைக்கிறதா, மாய்மாலத்தைக் காப்பாற்றத்தான் பெருமை தேவைப்படுகிறதா?

பழைய பொருளாளர்:

சகோதரி, பல்ஸ்ட்ரோடைத் தொடும் முன் லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் ஜெபிக்கும் பரிசேயனை, வேத சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற அந்த யூதனை, ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் அவனைப் பொய்யன் என்பதுபோலவே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் “வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன், என் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்திவருகிறேன்” என்று அவன் சொல்வது பொய் என்று வேதம் எங்கும் கூறவில்லை. உபவாசித்தான், கொடுத்தான், ஆலயத்துக்கும் வந்தான். “இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்” என்று வரி வசூலிக்கிற ஒருவனைச் சுட்டும் இடத்தில்தான் ஜெபம் கெடுகிறது. தேவனுக்கு முன் நின்றுகொண்டு, பின்னால் நிற்கிறவனை ஓரக்கண்ணால் அளக்கிறான்.

பல்ஸ்ட்ரோடின் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பணம் தன்னிடம் இருந்தால் தேவனுடைய காரியத்துக்கு ஆகும், நாடகக்காரியான சாராவிடம் போனால் வீணாகும் என்று அவர் நினைக்கிறார். அபகரித்தோம் என்று அவருக்குத் தோன்றுவதேயில்லை. தகுதியற்ற கையிலிருந்து தகுதியுள்ள கைக்குக் கர்த்தர் மாற்றிக் கொடுத்தார் என்று தோன்றுகிறது. இந்த உலகப் பொருளின்மேல் என் ஆத்துமாவுக்குப் பற்று இல்லை என்பதை நீர் அறிவீர், இவையெல்லாம் உம்முடைய தோட்டத்தைப் பண்படுத்தும் கருவிகளே என்ற பொருளில் அவர் ஜெபிப்பதாக எலியட் எழுதுகிறார். எவ்வளவு தாழ்மையான ஜெபம் பாருங்கள்! இதற்குள் இருக்கும் பெருமை, மற்றவர்கள் பணம் சேர்ப்பது பேராசையால், நான் சேர்ப்பது ஊழியத்துக்காக என்னும் பெருமை. அந்த ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு எதையும் செய்யலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கண்டவன் அல்லன். இதே ஊரில் ஒரு சபையில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். சபையின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். விடியற்கால ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து பாய்களை விரிப்பார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லாமல் பள்ளிக் கட்டணம் கட்டுவார். கட்டட நிதி அவர் பொறுப்பில் இருந்தது. கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் நான் ரெஜிஸ்டரைத் திறக்கும் முன்பே அவர் எழுந்து கண்களை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்தக் கணக்கை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம், எங்கள் நடுவில் சந்தேகத்தின் ஆவியைக் கட்டும்” என்று ஜெபிப்பார். எல்லோரும் ஆமென் சொல்லுவோம். ஆமென் சொன்ன வாயால் வவுச்சர் எங்கே என்று கேட்க யாருக்கு நா எழும்? நிதியில் ஒரு பகுதி அவருடைய மைத்துனரின் வியாபாரத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் பணம் வட்டியோடு திரும்பிவிட்டது. என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. அந்த வட்டியைக் கர்த்தர் கட்டளையிட்ட பெருக்கம் என்று அவர் ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மிடில்மார்ச்சிலும் மைத்துனர் ஒருவர் உண்டு. பல்ஸ்ட்ரோடின் மனைவி ஹாரியட்டின் அண்ணன் வின்சி, 13ஆம் அத்தியாயத்தில் அவர் முகத்துக்கு நேராகவே ஒரு குத்தல் விடுகிறார்: பல்ஸ்ட்ரோடுக்குப் பங்குள்ள வியாபாரத்தின் நீல, பச்சைச் சாயங்கள் பட்டுத்துணியை இற்றுப்போகச் செய்கின்றன, லாபத்தில் இவ்வளவு தேவ மகிமைக்குப் போகிறது என்று தெரிந்தால் ஒருவேளை வாங்குகிறவர்களுக்கு அதுவே பிடித்துப்போகலாம் என்கிறார். வின்சி ஒன்றும் பெரிய பக்திமான் அல்லர். நன்றாகச் சாப்பிடுகிறவர், கடனோடு வாழ்கிறவர். ஆனாலும் ஊரில் இந்த ஒருவருக்குத்தான் பல்ஸ்ட்ரோடிடம் அப்படிப் பேசத் துணிவு இருக்கிறது.

ஆகவே என் பதில்: மாயக்காரர்தான். முதலில் ஏமாற்றப்பட்டவரும் அவரேதான்.

ஜெயநகர் நான்காம் பிளாக்:

பொருளாளர் ஐயாவின் விளக்கம் நன்றாக இருக்கிறது; ஆனால் அதில் பல்ஸ்ட்ரோட் சற்று மலிவாகத் தப்பிவிடுகிறார். நான் கிறிஸ்தவன் அல்லன், தேவாலயத்துக்குள் திருமணங்களுக்குத்தான் போயிருக்கிறேன். ஆகையால் ஜெபத்தின் உண்மையை அளக்க எனக்குத் தகுதி இல்லை. கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

70ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். ராஃபிள்ஸ் குடிவெறி நோயில் கிடக்கிறான். மருத்துவர் லிட்கேட் இரண்டு கட்டளைகள் இடுகிறார்: மது ஒரு சொட்டும் கூடாது, தூக்கம் வராவிட்டால் அபின் சிறு அளவில் கொடுக்கலாம், ஆனால் குறிப்பிட்ட கட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும். முதல் இரவு பல்ஸ்ட்ரோட் தாமே கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறார். மறுநாள் இரவு களைத்துப்போய், வீட்டைக் கவனிக்கும் ஏபல் அம்மாளிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். அபினை எவ்வளவு கொடுப்பது என்று சொல்கிறார். எப்போது நிறுத்துவது என்று சொல்லவில்லை. கீழ்க்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது நினைவுக்கு வருகிறது. மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறார். இந்நேரம் அவள் அளவுக்கு மேல் கொடுத்திருக்கலாம், சொல்ல மறந்தது மனித இயல்புதானே, ஒருவேளை மருத்துவர் சொன்னதே தவறாகவும் இருக்கலாம் என்றெல்லாம் எண்ணி, நோயாளியிடம் போகாமல் தன் அறைக்குள் போய்விடுகிறார். பிறகு அவளே கதவைத் தட்டி, நோயாளி துவண்டுபோகிறான், கொஞ்சம் பிராந்தி கொடுக்கக் கூடாதா என்று கேட்கிறாள். இவர் பதில் பேசவில்லை. அவள் மறுபடியும் மன்றாடுகிறாள். கடைசியில் மது வைத்திருக்கும் பெட்டியின் சாவி கதவிடுக்கு வழியாக வெளியே வருகிறது.

இதுவரைக்கும்கூட நீங்கள் சொல்லும் தன்னை ஏமாற்றிக்கொள்ளுதல் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். விடிந்ததும் எழுந்து சிறிது நேரம் ஜெபிக்கிறாரே, அதையும் அப்படியே வைத்துக்கொள்வோம். பிறகு நோயாளியின் அறைக்குப் போகிறார். ராஃபிள்ஸ் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. ஏறக்குறைய காலியான அபின் குப்பியைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறார்; பிராந்திப் புட்டியைக் கீழே எடுத்துப்போய்ப் பழையபடி பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். தன்னை முழுவதுமாக ஏமாற்றிக்கொண்டவர் எதற்காகக் குப்பியை ஒளிக்க வேண்டும்? ஒளித்து வைக்கிற கைக்கு, எதை ஒளிக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும்.

அடுத்த அத்தியாயத்தில் வருவது இன்னும் மோசம். காலரா அச்சத்தால் கூட்டப்பட்ட நகரக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஹாலி எழுந்து, குற்றச்சாட்டுகளை மறுக்கட்டும் அல்லது பொதுப் பதவிகளிலிருந்து விலகட்டும் என்கிறார். மனிதர் எழுந்து நின்று என்ன சொல்கிறார்? தங்கள் வாழ்க்கையே கிறிஸ்தவத்துக்குப் புறம்பாக இருக்கிறவர்களா என்னைக் குற்றம் சாட்டுவது என்று எதிரே இருக்கிறவர்களைத் திருப்பித் தாக்குகிறார். உங்கள் பரிசேயன் ஆலயத்திலாவது தனியாக நின்று சொன்னான். இவர் ஊர் நடுவில், செத்தவன் இன்னும் மண்ணுக்குள் மட்காத நிலையில் சொல்கிறார். இதற்குப் பெருமை என்று பெயர் வைத்தால் பெருமைக்கு அது மரியாதை.

சிவாஜிநகர் ஆசிரியை:

ஜெயநகர் நண்பர் காட்டிய குப்பி முக்கியமான சான்று. ஆனாலும் அதைக் கொண்டு எல்லா மாயக்காரர்களையும் ஒரே அளவுகோலால் அளந்துவிட முடியாது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும்போது, இந்த வேறுபாட்டை விளக்க நான் வழக்கமாக ‘ஜேன் அயர்’ நாவலுக்குத்தான் மாணவிகளை அழைத்துப் போவேன். 1847இல் வந்த அந்த நாவலில் பல்ஸ்ட்ரோடுக்கு இரு பக்கத்திலும் நிறுத்தத்தக்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவர் லோவுட் பள்ளியை நடத்தும் பிராக்கிள்ஹர்ஸ்ட். அநாதைப் பெண்பிள்ளைகளுக்கு அரைவயிற்றுக் கஞ்சி போடுவது அவர்களுடைய ஆத்துமாவுக்கு நல்லது என்று பிரசங்கிக்கிறவர். பிறவியிலேயே சுருண்ட முடி உடைய ஒரு சிறுமியைப் பார்த்து, மாம்ச இச்சைக்கு இடம் கொடுக்கக் கூடாது, அந்த முடியை வெட்டிவிடுங்கள் என்று உத்தரவிடுகிறார். அவர் பேசி வாய் மூடும் முன்பே அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் வெல்வெட்டும் பட்டும் மென்மயிரும் அணிந்து உள்ளே நுழைகிறார்கள்; மகள்களின் தொப்பியில் தீக்கோழி இறகு, அதன் கீழே பார்த்துப் பார்த்துச் சுருட்டிவிட்ட கூந்தல்; அம்மாவின் நெற்றியிலோ பொய்ச் சுருள்முடி. வாசகர் சிரிக்கிறார், கோபப்படுகிறார், அத்தோடு முடிந்தது. இவருக்குள் என்ன நடக்கிறது என்று நாவல் எட்டிப் பார்ப்பதே இல்லை. நாவலை எழுதிய சார்லட் பிராண்ட்டேயின் மூத்த சகோதரிகள் இருவர் இத்தகைய பள்ளியில் நோயுற்று 1825இல் இறந்தார்கள் என்பது தெரிந்தால், அவருக்கு எட்டிப் பார்க்க மனம் வராததில் வியப்பில்லை.

இன்னொருவர் செயின்ட் ஜான் ரிவர்ஸ், போதகர். மிஷனரியாக இந்தியாவுக்குப் புறப்படத் தயாராகி, இந்துஸ்தானி படிக்கிறவர். இவரிடம் பொய் துளியும் இல்லை. தான் நேசிக்கும் பெண்ணை, ஊழியத்துக்கு உதவமாட்டாள் என்பதற்காக விட்டுவிடுகிறார். நேசிக்காத ஜேனைப் பார்த்து, நீ உழைப்புக்காகப் படைக்கப்பட்டவள், காதலுக்காக அல்ல, என்னை மணந்துகொண்டு ஊழியத்துக்கு வா என்கிறார். அவள் மறுக்கும்போது, நீ மறுப்பது என்னை அல்ல, தேவனை என்கிறார். தன் சித்தத்துக்கும் தேவ சித்தத்துக்கும் நடுவே ஓர் இழை இடைவெளிகூட இல்லை என்று நம்புவதைவிடப் பெரிய பெருமை உண்டா? ஆனால் அதற்கான விலையை ரிவர்ஸ் தன் உடம்பாலேயே கொடுக்கிறார். இந்தியாவுக்குப் போய் உழைத்துத் தேய்ந்து மரணத்தை எதிர்நோக்கி நிற்கிறார். அதனால்தான் அவரை மாயக்காரர் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

பல்ஸ்ட்ரோடிடம் இருப்பது ரிவர்ஸின் பெருமை. விலையை மட்டும் சாராவின் கணக்கில் எழுதிவிட்டார். இப்படிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்: பெருமை தனியாகவும் இருக்க முடியும், செலவை வேறு ஒருவர் தலையில் கட்டும்போதுதான் அதை மூடி மறைக்க மாய்மாலம் தேவைப்படுகிறது.

தனிமையில் செய்யும் ஜெபத்தைப் பற்றியும் ஒரு சொல். ராஃபிள்ஸின் அந்தக் கடைசி இரவையொட்டி எலியட் கேட்கிறார்: தனி ஜெபம் என்றால் அது கட்டாயம் ஒளிவுமறைவற்றது, செயலின் வேர் வரைக்கும் போவது என்று யாராவது நினைக்கிறீர்களா? எழுதியவர் வெளியாள் அல்லர். பதின்வயதில் தீவிரமான சுவிசேஷப் பக்தியில் மூழ்கியிருந்தவர். 1842இல் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தித் தந்தையின் மனத்தாங்கலுக்கு ஆளானவர். முழங்காலில் நின்றபடி ஒருவர் தன்னிடமே எப்படி வாதாடுவார் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கிறது. நான் கத்தோலிக்கப் பெண் என்பதால், பல்ஸ்ட்ரோட் ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்ய வேண்டியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. பெரிதாக மாறியிருக்காது. அந்தக் கூண்டிலும் சில்லறைப் பாவங்களை அடுக்கிவிட்டுப் பெரியதை விழுங்கிக்கொள்ளும் கலை நம்மில் பலருக்குத் தெரியும்.

அல்சூர் ஏரிக்கரை:

விலை என்று ஆசிரியை சொன்னவுடன் வேதத்தில் வரும் ஆயக்காரன் சகேயு நினைவுக்கு வருகிறான். அவனும் அநியாயமாய்ப் பணம் சேர்த்தவன்தான். ஆனால் எல்லோரும் முறுமுறுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். பல்ஸ்ட்ரோடும் திருப்பிக் கொடுக்க முன்வருகிறார்; 61ஆம் அத்தியாயத்தில் சாராவின் மகன் வில் லாடிஸ்லாவை இரவில் வீட்டுக்கு அழைத்து, ஆண்டுக்கு 500 பவுண்டு தருவதாகச் சொல்கிறார். எப்போது? ராஃபிள்ஸ் வந்து மிரட்டிய பிறகு. எப்படி? கதவைச் சாத்திக்கொண்டு. சட்டப்படி உமக்கு என்னிடம் எந்த உரிமையும் இல்லை, மனச்சாட்சிக்காகவே தருகிறேன் என்ற முன்னுரையோடு. இப்படிக் கொடுத்துவிட்டால் வரப்போகும் அவமானத்திலிருந்து தேவன் தன்னைத் தப்புவிப்பார் என்று ஓர் எதிர்பார்ப்பு வேறு. வில் அந்தப் பணம் எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தொடமாட்டேன் என்று போய்விடுகிறான். அவன் போன பிறகு பல்ஸ்ட்ரோட் அழுகிறார். ஐயோ பாவம் என்று நமக்கும் தோன்றுகிறது. அங்கேதான் எலியட் கெட்டிக்காரி.

தமிழில் இப்படி ஒரு பாத்திரம் உண்டா என்று யாராவது கேட்கலாம். கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் உருவகக் கதையான ‘மோட்சப் பிரயாணம்’ என்பதைத் தழுவியது. உருவகக் கதையில் மாயக்காரனுக்கு நெற்றியிலேயே பெயர் எழுதியிருக்கும், வாசகருக்குக் குழப்பமில்லை. எலியட்டும் 85ஆம் அத்தியாயத்தின் தலைப்பில் அதே பனியனின் ஒரு பகுதியைத்தான் எடுத்து வைக்கிறார்: மாயச் சந்தையில் விசுவாசமுள்ள யாத்திரிகனுக்குத் தண்டனை விதிக்கும் நடுவர்களின் பேச்சு அது. பிறகு உடனே சொல்கிறார்: நல்லவனாய் இருந்ததற்காகக் கல்லெறி படுகிறவனுக்கு அந்த ஆறுதலாவது உண்டு, தான் சொல்லிக்கொண்ட மனிதனாகத் தான் இல்லாததற்காகவே கல்லெறி படுகிறோம் என்று அறிந்தவன்தான் பரிதாபத்துக்குரியவன்.

நம் நாவல்களில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964, கிறிஸ்தவக் குடும்பப் பெருமையைப் பேசுகிறது. ஆனால் அங்கே லிஸியின் தாத்தாவுக்கு இருப்பது வீட்டின் பெருமை, பனையேறிக் குடும்பத்தோடு சம்பந்தம் வைப்பதா என்னும் பெருமை. அதை அவர் தேவனுடைய பெயரால் நியாயப்படுத்திக் கொள்வதாக எனக்குப் படவில்லை; நேராகவே வைத்திருக்கிறார். பல்ஸ்ட்ரோடைப் படித்த பின்பு அந்த நேர்மை எனக்கு ஒரு குணமாகவே தோன்றிவிட்டது. சபைக் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் பொருளாளர் ஐயாவின் மூப்பரைத் தமிழில் யாராவது எழுத வேண்டும். ஐயாவே எழுதலாம்.

பிரேசர்டவுன் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். 74ஆம் அத்தியாயத்தில் உண்மை தெரிந்தபின் ஹாரியட் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நகைகளைக் கழற்றி, எளிய கறுப்பு உடை உடுத்து, கூந்தலைப் படிய வாரி, அலங்காரமில்லாத தொப்பியை அணிந்துகொண்டு கணவரிடம் போகிறாள். “நிமிர்ந்து பாருங்கள், நிக்கோலஸ்” என்கிறாள். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா, அங்கே பல்ஸ்ட்ரோடின் பெருமை உடைந்துவிட்டது, அதுவே அவருடைய மனந்திரும்புதல் என்று உறுதியாகச் சொல்கிறார். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

பழைய பொருளாளர்:

ஒப்புக்கொள்ளமாட்டேன், சகோதரி. அக்காவிடம் அந்த அத்தியாயத்தின் கடைசி வரிகளை மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். இதில் எவ்வளவு வெறும் அவதூறு என்று ஹாரியட்டால் கேட்க முடியவில்லை. நான் குற்றமற்றவன் என்று அவரும் சொல்லவில்லை. அழுதார்கள், உண்மைதான். அறிக்கை நடக்கவில்லை. ஹாரியட் இறங்கி வந்தாள். அந்த அறையில் பெருமையை விட்டது அவள் மட்டும்தான். நல்ல துணிமணியிலும் ஊர் மரியாதையிலும் ஆசை வைத்திருந்த சாதாரணப் பெண் அவள் என்பதை மறக்கக் கூடாது.

85ஆம் அத்தியாயம் வரைக்கும் அவர் அதே இடத்தில்தான் நிற்கிறார். மற்ற எதையும் தாங்கிக்கொள்ளலாம், ராஃபிள்ஸின் சாவைப் பற்றி மனைவியிடம் வாய்திறப்பதைத் தாங்க முடியாது. தன் செயலைக் கொலை என்று அவள் மனத்துக்குள் சொல்லிவிடுவாளோ என்று அஞ்சுகிறார். தேவனிடம் தினமும் சொல்லத் துணிந்ததை மனைவியிடம் சொல்லத் துணியவில்லை என்றால், தேவனிடம் சொன்னதும் உண்மைதானா என்ற கேள்வி வருகிறது. ஜெயநகர் தம்பி இங்கே என்னைப் பிடித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ளட்டும்.

ஆனால் அதே அத்தியாயத்தில் வேறொன்றும் நடக்கிறது. ஊரை விட்டுப் போகும் முன் என் அண்ணன் குடும்பத்துக்கு ஏதாவது நன்மை செய்ய வேண்டும் என்று ஹாரியட் கேட்கிறாள். தன் கையிலிருந்து நில நிர்வாகி காலேப் கார்த் வேலை ஏற்கமாட்டார் என்பதை அறிந்த பல்ஸ்ட்ரோட், ஸ்டோன் கோர்ட் நிலத்தை ஹாரியட்டின் பெயரில் பேசி, வின்சியின் மகன் ஃபிரெட் அங்கே விவசாயம் செய்ய வழி பண்ணலாம் என்கிறார். ராஃபிள்ஸ் செத்த அதே வீடு. அங்கே அவர் பேசுவது நிலத்தைப் பற்றி, நிர்வாகத்தைப் பற்றி, யார் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் 61, 70, 85 ஆகிய மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வரும்படி உங்கள் வட்டத்தாரிடம் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் தேவனுடைய பெயரை எடுக்கிறார், எங்கே எடுக்காமல் விடுகிறார் என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போகட்டும்.